பதினைந்தாவது பிள்ளை

அந்தத் தொடக்கப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வகுப்பு இருந்தது. அவளுக்கு வகுப்பு கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை எல்லா வகுப்புகளிலிருந்தும் பொறுக்கி எடுத்து, பழைய சாமான் அறையில் உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அதனால் வாசிப்பு டீச்சர் என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இந்த வேலை மாநிலக் கல்வித் துறையின் சீர்திருத்தத்தில் பிறந்தது. மூன்று வருடங்களுக்கு முன் பெரிய அதிகாரி ஒருவர் ஏதோ ஒரு பள்ளிக்குப் போய், ஐந்தாம் வகுப்புப் பையனிடம் புத்தகத்தை நீட்டித் தலைப்பை வாசிக்கச் சொன்னாராம். அவன் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு யானை என்றானாம். படத்தில் இருந்தது ரயில். அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்துவிட்டது. நிமிடத்துக்கு முப்பது சொல் வாசித்தால் வாசிப்பவர், அதற்குக் கீழே என்றால் வாசிக்காதவர். ஒரு பள்ளியில் வாசிக்காதவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தால் அங்கே ஒரு வாசிப்பு ஆசிரியர். குறைந்தால் பணியிடம் திரும்பப் பெறப்படும். ஆசிரியர் தேவையுள்ள இடத்துக்கு மாற்றப்படுவார்.

இதில் இருந்த கோளாறை முதல் வருடம் அவள் கவனிக்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் நாற்பத்தொரு பேரில் பதினான்கு பேரை வாசிக்கவைத்துவிட்டாள். இரண்டாம் வருடம் இன்னும் கொஞ்சம் பேர். மூன்றாம் வருடம், ஆண்டுச் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில் எண்ணிப்பார்த்தாள். சரியாகப் பதினைந்து பேர் மிச்சம். உட்கார்ந்திருக்கிற கிளையை மூன்று வருடமாக அவளே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் நல்ல சிரத்தையோடு.

பள்ளிக்கும் வீட்டுக்கும் பன்னிரண்டு நிமிட நடை. நாலே காலுக்கு மணி அடித்தால் நாலு இருபத்தேழுக்கு வாசலில் நிற்பாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிஃப்ட் பார்க்கும் அக்கா நாலு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும். இடையில் இருக்கும் பதின்மூன்று நிமிடத்தில் அப்பா கைமாறுவார். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். எழுந்திருக்கவும் உட்காரவும் பக்கத்தில் ஆள் வேண்டும். சின்னவள் செருப்பைக் கழற்றுவதையும் பெரியவள் செருப்பை மாட்டுவதையும் நாற்காலியில் இருந்தபடி பார்த்துவிட்டு, "டியூட்டி மாறியாச்சு, ரைட் ரைட்," என்பார்.

அவளை வேறு ஊருக்கு மாற்றினால் இந்தப் பதின்மூன்று நிமிடம் இல்லாமல் போகும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பதினைந்தாவது பிள்ளைக்கு ஜன்னல் என்று பெயர். ஐந்தாம் வகுப்பு. மூன்று வருடமாக வாசிப்பு அறைக்கு வருகிறாள், மூன்று வருடமாக ஒரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அது ஜன்னலை ஒட்டி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் வெளியே பார்ப்பாள். ஐந்தாம் வகுப்பு சார் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட ஒருமுறை வாய்தவறி ஜன்னல் என்று கூப்பிட, அவளும் உள்ளேன் ஐயா என்றுவிட்டாள்.

அன்று மதியம் மற்ற பிள்ளைகள் கை கழுவப் போயிருந்தார்கள். வாசிப்பு டீச்சர் மேஜையில் சுற்றறிக்கையை விரித்துவைத்து, ஏற்கெனவே மனப்பாடமான பத்தியை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலில் ஜன்னல்.

"திரும்பப் பெறப்படும்னா என்ன டீச்சர்?"

"குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிறது," என்று சொல்லிவிட்டு, வாசிப்பு டீச்சர் நிமிர்ந்தாள். "அதை யாரு உனக்குச் சொன்னா?"

"இதுல போட்டிருக்கு."

ஜன்னலின் விரல் எதிர்ப்பக்கத்திலிருந்து சரியாக அந்த வரியில் வந்து நின்றது. வாசிப்பு டீச்சர் தாளை அவள் பக்கமாக நேராகத் திருப்பிவைத்தாள்.

"வாசி."

ஜன்னல் தாளைப் பார்த்தாள். பழக்கமில்லாத வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் மாதிரி நின்றது அவள் பார்வை. பிறகு தாளை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி தலைகீழாக்கினாள்.

"ஆசிரியர் தேவையுள்ள இடத்துக்கு மாற்றப்படுவார்," என்று தடங்கலில்லாமல் வாசித்தாள். "யாரு டீச்சர், நீங்களா?"

வாசிப்பு டீச்சருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அறையில் ஒரே ஒரு வாசிப்புப் புத்தகம்தான் புழக்கத்தில் இருந்தது. துறை அனுப்பிய பதினைந்து மாணவர் பிரதிகளும் தலைமையாசிரியையின் அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடும், கிழிந்தால் ஆய்வில் கேட்பார்கள் என்பது அவருடைய வாதம். அதனால் ஆசிரியர் பிரதியை மேஜையில் தன் பக்கம் பார்த்து வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, வாசிப்பு டீச்சர் பாடம் நடத்தினாள். மற்ற பிள்ளைகள் பக்கவாட்டில் கழுத்தை வளைத்தார்கள், முட்டி மோதி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஜன்னல் மட்டும் எழுந்து வந்ததே இல்லை. எதிரே இருந்தபடியே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழிகள். எல்லாம் கிறுக்கல் என்றுதான் ஐந்தாம் வகுப்பு சார் நினைத்திருந்தார், வாசிப்பு டீச்சரும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். எழுத்துகள் வரிசையாக, ஒரு கால், கொம்பு பிசகாமல் நின்றன. சார் எழுதியிருந்த 'கவனம் தேவை'தான் தலைகீழாக இருந்தது.

கடிகாரத்தை வைத்துச் சோதித்தாள். தலைகீழாக வைத்தால் நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுச் சொல். நேராக வைத்தால் எட்டு.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பாதி வழியில், மருந்துக்கடை திருப்பத்தில், பதினைந்தில் ஒன்று போனால் பதினான்கு என்பது நினைவுக்கு வந்தது. மிச்ச வழியில் இன்னொன்றும் தோன்றியது. சோதனையில் உரையை நேராகத்தான் காட்டுவார்கள். ஜன்னல் எட்டோ ஒன்பதோ வாசிப்பாள். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூன்று வருடமாக இல்லாத அவசரம் இந்த ஒரு மாதத்தில் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். அக்கா தலைமுடியை வாரிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வாசிக்காதவன்னு எழுதினா அதுக்கு என்ன நஷ்டம்?"

"ஆறாம் வகுப்புல சேர்க்க மாட்டாங்க. இணைப்பு வகுப்புன்னு ஒண்ணு. ஒரு வருஷம் மறுபடி எழுத்து."

"ஒரு வருஷம்தானே. எங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் மூணு தடவை ஃபெயிலானவராம். நல்லாத்தான் ஊசி போடுறார்."

"நீ அவர்கிட்ட போட்டுக்கிட்டியா?"

"நான் எதுக்குப் போட்டுக்கிறேன்," என்று அக்கா செருப்பை மாட்டினாள்.

அது ஒரு வருடத்தோடு போகாது என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. ஜன்னலின் அம்மா ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. கை காலியாக இருக்கும்போதும் இரண்டு விரல் கத்தரி மாதிரி அசைந்துகொண்டே இருந்தது.

"இவளுக்குப் படிப்பு ஏறாது டீச்சர். எனக்குத் தெரியும், நீங்களும் என்ன பண்ணுவீங்க. ஆறாவது கிடைச்சா போகட்டும். அந்த இணைப்பு வகுப்பு, சைக்கிள் ஷெட் பக்கத்துல உக்கார வெக்கிறாங்களே, அதுக்கு அனுப்ப மாட்டேன். அதுக்கு என்கூட உக்காந்து நூல் வெட்டலாம்."

"வயசு பத்துதானே ஆகுது?"

"வீட்டுல வெச்சு வெட்டுறதுக்கு வயசெல்லாம் யாரு பாக்குறா? மூட்டையாக் குடுத்து விடுவாங்க."

ஜன்னல் அம்மாவின் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு டீச்சர் உங்கள் மகள் வாசிக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு. "சோதனை முடியட்டும்மா, பார்க்கலாம்," என்றாள்.

சோதனையைச் சொந்தப் பள்ளி ஆசிரியரே நடத்தினால் ஏமாற்றுவார் என்று துறைக்குச் சந்தேகம். அதனால் பக்கத்துப் பள்ளி வாசிப்பு ஆசிரியர் இங்கே வருவார், இவள் அங்கே போவாள். இரண்டு பேருக்கும் ஒரே பயம் இருக்கும் என்பது துறைக்குத் தோன்றவில்லை. பக்கத்துப் பள்ளி சார் நல்ல மனிதர். துறை கொடுத்த டேப்லட்டை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவந்தார்.

"உங்க கணக்கு எப்படி டீச்சர்?"

"பதினஞ்சு."

"கத்தி மேல நடக்குறீங்க. எங்கிட்ட பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்ந்துட்டிருக்கேன்." தன் நகைச்சுவைக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். "கவலைப்படாதீங்க. ஏதாவது ஒரு பிள்ளை திடீர்னு புத்திசாலியாயிட்டா என்னைப் பாருங்க. எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முயற்சி. டேப்லட்டில் ஒரு பத்தி வரும், ஒரு நிமிடம் ஓடும், பிறகு இன்னொரு பத்தி. இரண்டின் சராசரியை அதுவே போட்டுக்கொள்ளும். பதினான்கு பேர் எதிர்பார்த்தபடியே வாசித்தார்கள். கடைசியாக ஜன்னல் வந்தாள். சார் டேப்லட்டை அவளுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தார். ஒரு நிமிடம் முடிந்தது. ஒன்பது சொல்.

"அவ்வளவுதான், பதினஞ்சு," என்றார் சார், வாசிப்பு டீச்சரைப் பார்த்து. பந்தி முடிந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. "ரெண்டாவதையும் பேருக்கு ஓட்டிடலாமா?"

ஜன்னல் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, வெளியேயும் பார்க்கவில்லை. வாசிப்பு டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலோ கோபமோ எதுவும் இல்லை. பஸ் ஏன் தப்பான ரோட்டில் போகிறது என்று டிரைவரைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது.

"சார், அதை உங்களுக்கு நேரா வெச்சுக்கோங்க," என்றாள் வாசிப்பு டீச்சர்.

"எதுக்கு?"

"அவ எதிர்ப்பக்கத்துல இருந்து வாசிப்பா."

சார் டேப்லட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். திரை தானாக நேராகிக்கொண்டது. மறுபடி திருப்பினார். அது மறுபடி நேரானது. நாலு முறை இப்படி நடந்தது. திரை திரும்புவதை நிறுத்தப் பார்த்தார்கள்; அமைப்புகளை மாற்ற மாநில அலுவலகத்தின் அனுமதி தேவை என்று வந்தது.

"இது பிடிவாதம் பிடிக்குது டீச்சர். விட்டுடலாமே."

"மேஜையில படுக்க வைங்க. தூக்காதீங்க. படுத்திருந்தா அதுக்கு மேல் கீழ் தெரியாது."

சார் அவளை உற்றுப் பார்த்தார். "தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

டேப்லட் சாரைப் பார்த்தபடி மேஜையில் படுத்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னல் வாசித்தாள். ஆற்றைக் கடக்கும் ஆடுகளைப் பற்றிய பத்தி. ஒரு ஆடுகூடத் தண்ணீரில் விழவில்லை. சார் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து, நிமிடம் முடிந்ததும் கையை எடுத்தார். நாற்பத்தொன்பது.

"இதை வாசிச்சதா எடுத்துக்கறதா, இல்ல வித்தை காட்டினதா எடுத்துக்கறதா?" என்றார்.

"விதியில எந்தப் பக்கத்துல இருந்து வாசிக்கணும்னு இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டுப் பொத்தானை அழுத்தினார். டேப்லட் கொஞ்சம் யோசித்தது. ஒன்பதையும் நாற்பத்தொன்பதையும் கூட்டி இரண்டால் வகுத்தது. இருபத்தொன்பது. வாசிக்காதவர்.

"டீச்சர், இது கடவுளாப் பார்த்துப் போட்ட மார்க்," என்றார் சார் மெதுவாக. "நீங்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்க. நானும் அழுத்த வேண்டியதை அழுத்திட்டேன்." டேப்லட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வேறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் கிளம்பிவிட்டார்.

அன்று அவள் வீட்டுக்குப் போனபோது நாலு இருபத்தேழு. நடந்ததைச் சொன்னாள். அக்கா வாரிக்கொண்டிருந்த சீப்பை வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"மனசாட்சிக்கு மனசாட்சியும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு. யாருக்கு அமையும்?"

அப்பா, "இருபத்தொம்பதா?" என்றார். "ஒரு சீட்டு கம்மியா இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டான் எங்க டிரைவர் ஒருத்தன். டீ குடிக்கப் போயிடுவான்." அவ்வளவுதான் சொன்னார்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் நிம்மதியாக இருக்கப் பார்த்தாள். துணி துவைத்தாள். அப்பாவுக்கு நகம் வெட்டினாள். தான் நியாயமாக நடந்துகொண்டதாகப் பல முறை நினைத்துப்பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒரு நல்ல காரியத்தை ஆவேசத்தில் ஒருமுறை செய்துவிடலாம். அதையே மறுபடி, நிதானமாக, படிவம் நிரப்பிச் செய்யச் சொன்னால்தான் கஷ்டம். மேல்முறையீட்டுக்கு ஐந்து நாள் அவகாசம் இருந்தது. அது இருப்பது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பள்ளியில் எல்லாச் சுற்றறிக்கைகளையும் முழுதாக வாசிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போனாள். மேல்முறையீடு அவருடைய கைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணைப் போட்டால்தான் போகும். அந்தக் கைபேசி பாதி நாள் வாசிப்பு டீச்சரிடம்தான் இருக்கும். பள்ளியின் எல்லா விவரங்களையும் துறையின் இணையதளத்தில் ஏற்றுவது அவள் தலையில் விழுந்திருந்தது. கழிப்பறைக் கதவுகளின் எண்ணிக்கை, மரங்களின் எண்ணிக்கை, மரங்களின் புகைப்படம். அவள் போய்விட்டால் இதையெல்லாம் யார் செய்வது என்ற கவலைதான் தலைமையாசிரியையின் முகத்தில் முதலில் வந்தது.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறேன்னு நிக்கிறீங்களே. உங்க அப்பா?"

"தெரியல மேடம்."

"நீங்க கேக்காமலே பண்ணியிருக்கலாம். போனு உங்க கையிலதான் இருக்கு. இப்ப கேட்டுட்டீங்க, நான் முடியாதுன்னு சொல்லியாகணும்."

"கேக்காம பண்ணக் கூடாதில்ல மேடம்."

தலைமையாசிரியை அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "நான் தண்ணித் தொட்டி நிரம்பிடுச்சான்னு பார்த்துட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும். மோட்டார் ஓடவே இல்லை, இருந்தாலும் பத்து நிமிஷம் ஆகும்."

படிவத்தில் காரணத்துக்கு நாலு விருப்பங்கள் இருந்தன. குழந்தைக்கு உடல்நலக் குறைவு, கருவிக் கோளாறு, இயற்கைச் சீற்றம், பிற. அவள் பிற என்பதைத் தொட்டாள். விளக்கத்துக்கு ஒரு வரி இடம் கொடுத்தார்கள். 'பிள்ளை எதிர்ப்பக்கமிருந்து வாசிக்கக் கற்றிருக்கிறாள்; பிழை ஆசிரியருடையது' என்று எழுதினாள். அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. இந்த மேல்முறையீட்டால் தங்கள் பள்ளியின் பணியிடம் பாதிக்கப்படலாம், தொடரவா? கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ஆம் என்றும் மற்றதில் பிறகு என்றும் எழுதியிருந்தது. வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை.

ஆம் என்பதைத் தொட்டாள். குறியீட்டு எண் வந்தது, போட்டாள். தலைமையாசிரியை திரும்பி வந்து, "தொட்டி நிரம்பல," என்றார்.

மறுசோதனைக்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இருபத்தைந்து வேலை நாள். ஆறாம் வகுப்பில் யாரும் இந்தப் பிள்ளைக்காகப் புத்தகத்தைத் தலைகீழாக வைக்கப் போவதில்லை. அதனால் வாசிப்பு டீச்சர் கணக்குப் போட்டாள். நூற்றெண்பது பாகையை இருபத்தைந்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏழு பாகை சொச்சம். ஐந்தாம் வகுப்பு சாரின் பெட்டியிலிருந்து பாகைமானியை வாங்கி, மேஜையில் சாக்பீஸால் கோடுகள் போட்டாள். தினமும் புத்தகத்தை ஒரு கோடு நகர்த்தி வைப்பது.

இதற்குத் தனியாக ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. தலைமையாசிரியை அலமாரியைத் திறந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். உறையைப் பிரிக்காமல் பயன்படுத்த முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

முதல் பத்து நாள் ஜன்னலுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தொண்ணூறு பாகைக்கு வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டாள். மூன்று நாள் ஒரு சொல்லும் வரவில்லை.

"எழுத்தெல்லாம் படுத்திருக்கு டீச்சர்."

"எழுப்பு."

"எழுந்திருக்க மாட்டேங்குது."

"நேத்து வரைக்கும் தலைகீழா நின்னுட்டிருந்துச்சு, களைச்சிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இரு."

நாலாவது நாள் எழுந்தன. அதற்குப் பிறகு வேகம் வந்தது, ஆனால் இழந்த நாள்கள் இழந்தவைதான். மறுசோதனை அன்று புத்தகம் நேராவதற்கு இன்னும் மூன்று கோடு பாக்கி இருந்தது.

மாநில அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இளம்பெண். எல்லாப் படிவங்களையும் கோப்பில் கொக்கி போட்டு வைத்திருந்தாள். டேப்லட் பழுதுக்குப் போயிருந்ததால் பத்திகளை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். தாளை ஜன்னலின் கையில் நேராகக் கொடுத்தாள். வாசிப்பு டீச்சரை வெளியே நிற்கச் சொன்னாள். வெளியே என்பது அந்த ஜன்னலுக்கு வெளியே. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

ஜன்னல் தாளை நேராகவே பிடித்தாள். பிறகு தன் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள். பாக்கி இருந்த மூன்று கோட்டையும் கழுத்தே பார்த்துக்கொண்டது. வாசித்தாள். மூச்சு வாங்கினாள், ஒரு சொல்லைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள். முதல் முயற்சி முப்பத்திரண்டு. இரண்டாவது முப்பத்தாறு. வெளியே நின்றவள் தன் தலையும் சாய்ந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தாள்.

அதிகாரி சராசரியை எழுதினாள், வாசிப்பவர் என்று எழுதினாள். குறிப்புகள் என்ற இடத்தில், 'குழந்தை தலையைச் சாய்த்து வாசிக்கிறது. கண் பரிசோதனைக்குப் பரிந்துரை' என்று எழுதினாள்.

"நீங்க எங்க டீச்சர் போவீங்க?" என்று ஜன்னல் கேட்டாள். அந்தச் சுற்றறிக்கையை அவள்தானே முதலில் வாசித்தவள்.

"தேவையுள்ள இடத்துக்கு."

"அது எங்க இருக்கு?"

"ஆர்டர் வந்தாத்தான் தெரியும்."

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. பள்ளியில் வாசிக்காதவர் எண்ணிக்கை பதினான்காகக் குறைந்ததால் பணியிடம் திரும்பப் பெறப்பட்டது. மிச்சமிருந்த பதினான்கு பேர் என்ன ஆவார்கள் என்று ஆர்டரில் இல்லை. வகுப்பு ஆசிரியர்கள் ஆளுக்கு மூன்று நான்கு பேராகப் பிரித்துக்கொள்வார்கள் என்றார் தலைமையாசிரியை. குரலில் நம்பிக்கை இல்லை. சாதனைக்காகப் பள்ளிக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது. அதை இணையதளத்தில் எப்படி ஏற்றுவது என்று அவளிடமே கேட்டார். ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்றும் நாலு இருபத்தேழுக்கு வாசலில் இருந்தாள். அக்கா ஆர்டரை வாங்கி நின்றபடியே வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"ஆறு மணி நேரம் பஸ்ல," என்றாள். "நல்லா எழுதிப் போட்ட போ. உன்னை மாதிரி ஒரு தங்கச்சி இருந்தா எதிரியே வேண்டாம்." கைப்பையில் எதையோ தேடினாள். மணி நாலு நாற்பத்தைந்து ஆகியிருந்தது, அவள் கிளம்பவில்லை. "நான் நைட் ஷிஃப்ட் கேக்குறேன். குடுக்க மாட்டாங்க. கேக்குறேன். இல்லன்னா பகல்ல யாராவது ஆள்…"

அப்பா நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். ஆர்டரை வாங்கி, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை பேரு வாசிக்காதவங்க?"

"நூத்திப் பன்னண்டு," என்றாள் சின்னவள்.

அப்பா மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். வருடத்துக்கு இத்தனை பேர் இறங்கினால் எத்தனை வருடத்தில் வண்டி காலியாகும் என்கிற கணக்காக இருக்கலாம்.

"அப்ப ஏழெட்டு வருஷத்துக்கு உன்னை அசைக்க மாட்டாங்க," என்றார். "வீடு பாக்குறதா இருந்தா கீழ் வீடாப் பாரு. என்னால படி ஏற முடியாது."